மடி உதறிய பிளாட்டூன்

தம்பிகளா, தங்கச்சிகளா, நீங்கள் போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எங்கள் பிளாட்டூனுக்குப் புதிதாக ஒரு சின்னம் வரைந்திருக்கிறோம், சட்டைக் கையில் தைக்கப்போகிறோம், ஐயா பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தேள் நன்றாகத்தான் இருக்கிறது. கொடுக்கு மட்டும் போடிமெட்டு ரோட்டு வளைவு மாதிரி கொஞ்சம் அதிகமாகவே வளைந்திருக்கிறது. பட்டாலியன் போலீஸில் ஓய்வு பெற்ற கம்பெனி கமாண்டரிடம் கருத்துக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கேட்டுவிட்டீர்கள், இனி உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

அரசாங்கம் தொப்பியில் ஒரு சின்னம் கொடுத்திருக்கிறது, தோளில் ஒரு பட்டை கொடுத்திருக்கிறது. ஆனாலும் முப்பது இளவட்டங்களை ஒரே கூடாரத்தில் போட்டால், பத்தாவது நாள் அவர்களுக்கென்று ஒரு பெயரும் படமும் பிறந்துவிடும். என் சர்வீஸில் பாம்பு பார்த்திருக்கிறேன், பருந்து பார்த்திருக்கிறேன், மண்டையோடு எத்தனை என்று கணக்கே இல்லை. ஒரு பிளாட்டூன் ஆசை ஆசையாகச் சிறுத்தை போட்டார்கள். அச்சடித்தவர் கைராசியில் அது நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய பூனையாக வந்து சேர்ந்தது. அதன்பிறகு அணிவகுப்பு மைதானத்தில் அவர்கள் தலை தெரிந்தாலே எங்கிருந்தாவது ஒரு ‘மியாவ்’ வரும். பெரிய அதிகாரி முன்னாலேயே வந்திருக்கிறது.

நான் இதையெல்லாம் குற்றம் என்று நினைக்கிறவன் இல்லை. மாதக்கணக்கில் மழையில் ஊறிக் கிடக்கிற பையன்களுக்கு ‘இது நாங்க’ என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். ஆனால் சின்னத்தைப் போட்டுக்கொள்கிறவன் அதைப் பார்ப்பதே இல்லை. அது அவன் கையில் இருக்கிறது, பார்க்கிறவர் எதிரே நிற்கிறார். எனக்கு இது நன்றாக உறைத்தது போடிமெட்டில்தான்.

ஐப்பசி மழைக்காக என் கம்பெனியிலிருந்து ஒரு பிளாட்டூன் மலைமேல் முகாம் போட்டிருந்தது. பகலில் செக்போஸ்டில் வண்டிகளைப் பார்ப்பது, மண் சரிந்தால் ஓடுவது, இதுதான் சோலி. நான் கீழே மற்ற ஆட்களுடன் இருந்தேன். ஒருநாள் காலை பட்டாலியனுக்கே தலைவரான கமாண்டன்ட் போன் செய்தார். குரல் நன்றாக இல்லை. எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்களை என் ஆட்கள் ஜீப்பிலிருந்து இறக்கி, வரிசையாக நிற்கவைத்து, சேலையை உதறச் சொல்கிறார்களாம். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறதாம். “மேலே போய்ப் பாருங்க. யார் இதுக்குக் காரணமோ அவன் பேரை எனக்கு அனுப்புங்க” என்றார்.

வீடியோவை நானும் பார்த்தேன். அவர் சொன்னது போலவே இருந்தது. கிளம்பும்போதே எனக்கு ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

செக்போஸ்டுக்கு நான் போய்ச் சேரவும், போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப்பு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நான் வண்டிக்குள்ளேயே இருந்து கவனித்தேன். என் ஆட்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் தாங்களாகவே இறங்கினார்கள். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தூக்குவாளியோடு வந்த பெண்கள். வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக இடுப்பில் சொருகியிருந்த மடியை அவிழ்த்து, என் ஆட்கள் முகத்துக்கு நேரே உதறிக் காட்டினார்கள். மறுபடியும் சொருகிக்கொண்டு ஏறிவிட்டார்கள். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு பேச்சு இல்லை. ஜீப்பு போய்விட்டது.

பிளாட்டூனைப் பார்த்துக்கொண்ட எஸ்.ஐ. என்னைக் கண்டதும் ஓடிவந்து சல்யூட் அடித்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், வேலையில் கெட்டி, கொஞ்சம் வெள்ளந்தி. “பார்த்தீங்களாய்யா, என்ன ஒழுங்கு. நாங்க ஒண்ணுமே சொல்றதில்லீங்க, அவங்களே பண்றாங்க” என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் போல.

நான் இந்த மலையடிவாரத்துத் தேவாரம் ஊர்க்காரன். என் சித்தி பல வருஷம் ஏலக்காய் எடுக்க மலையேறியவள். அந்தக் காலத்தில் சில தோட்டங்களில் சாயங்காலம் வேலை முடிந்ததும் கங்காணி, அதாவது ஆட்களை மேய்க்கிற மேற்பார்வைக்காரர், கையில் பிரம்போடு வழியை மறித்து நிற்பாராம். பெண்கள் ஒவ்வொருவராக வந்து மடியை உதறிக் காட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம், நாலு காயை ஒளித்துக் கொண்டு போகிறார்களா என்று பார்க்கத்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் சித்திக்கு முகம் மாறிவிடும். இப்போது எந்தத் தோட்டத்திலும் யாரும் அப்படி நிற்பதில்லை. ஆகவே இந்தப் பெண்கள் என் ஆட்களை ஏதோ கேலி செய்கிறார்கள், அதுவும் நெஞ்சு எரிந்து கேலி செய்கிறார்கள் என்று புரிந்தது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

அப்போதுதான் எஸ்.ஐ.யின் மழைக்கோட்டுக் கையைப் பார்த்தேன். ஒரு மண்டையோடு. அதற்கு ஒற்றைக் கண் திறந்திருந்தது. கீழே குறுக்காக இரண்டு பிரம்பு. சுற்றிலும் வளைவாக, தங்க நிற நூலில், ‘கண்காணி’.

எல்லோர் மழைக்கோட்டிலும் அதுவே இருந்தது. கூடாரச் சுவரிலும் பெரிதாக வரைந்து வைத்திருந்தார்கள். யார் வேலை என்று கேட்டேன். கதிரவன் என்ற பையன் முன்னால் வந்து நின்றான். தஞ்சாவூர்ப் பக்கம், தமிழில் பி.ஏ. படித்தவன். மற்ற பிளாட்டூன் எல்லாம் இங்கிலீஷில் பெயர் வைக்கிறார்கள், நாம் நல்ல தமிழில் வைப்போம் என்று யோசித்தானாம். கண்ணால் காண்பது, காவல் காப்பது, கண்காணி. பிரம்பு என்று நான் நினைத்தது லத்தியாம். மண்டையோடு எதற்கு என்றால், “அது சும்மா கெத்துக்குங்கய்யா” என்றான்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் அடங்கவில்லை. கங்காணி என்றால் இந்த மலையில் யார் என்று சொன்னேன். அவன் விடவில்லை. “அய்யா, அது கங்காணி. இது கண்காணி. எழுத்து வேறங்க” என்றான். இரண்டு எழுத்துக்கும் ஆள் ஒருவர்தான் என்றேன். சித்தி கதையையும் சொன்னேன். பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் கழற்றச் சொன்னதும் முணுமுணுப்பு வந்தது. எங்களுக்கென்று இருக்கிற ஒரே அடையாளம் ஐயா, கைக்காசு போட்டுத் தைத்தோம் ஐயா, பெண்களிடம் நாங்கள் ஒருநாளும் மரியாதை தப்பியதில்லை ஐயா. கடைசியாகச் சொன்னது உண்மை என்பதால் எனக்கும் அதட்ட மனம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் பிரித்துப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் வரை மழை காத்திருக்கவில்லை. மத்தியானம் தாசில்தார் ஆபீஸிலிருந்து போன் வந்தது. பக்கத்துச் சரிவில் ஒரு ஏலத்தோட்டம், அதில் தொழிலாளர் குடியிருக்கிற லயம், ஒரே கூரையின் கீழ் ஒன்பது வீடு. பின்பக்கத்து மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, தண்ணீர் செம்மண்ணாக இறங்குகிறது. இருட்டுவதற்குள் அத்தனை பேரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். நாங்கள் கயிறையும் மண்வெட்டியையும் அள்ளிக்கொண்டு ஓடினோம். மழைக்கோட்டு அது ஒன்றுதான் இருந்தது. பேட்ஜைப் பிரிக்க யாருக்கு நேரம்?

லயத்தில் முதல் வீட்டு வாசலில் பேச்சியம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த லயத்தில் அவர் சொல்தான் சொல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எஸ்.ஐ.யின் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வீட்டு வரிசையைப் பார்த்துத் திரும்பி, “ஏ, கங்காணி வந்துருக்காக” என்று ஒரு குரல் கொடுத்தார். மற்ற வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ஜீப்பில் வந்துபோகிற பெண்கள் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்கிறார்கள்.

நான் மேட்டைப் போய்ப் பார்த்தேன். வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போயிற்று. திரும்பி வந்து, “ஆத்தா, மேடு நிக்காது, வெரசாக் கெளம்புங்க” என்றேன்.

அவர் நகரவில்லை. “எங்க மாமியா காலத்துலயும் மழைன்னுதான் எறக்குனாக, அப்பு. கங்காணிதான் வந்து சொன்னான். நம்பி எறங்குனாக. மழை விட்டு வந்து பாத்தா வீட்டுல வேற ஆளு குடியிருக்கு. இங்கனயே செத்தாலும் சாவோம், எறங்க மாட்டோம்.”

இங்கேதான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். எஸ்.ஐ. என் காதில், தூக்கிக்கொண்டு போய்விடலாம், சட்டம் இடம் கொடுக்கிறது என்றார். கொடுக்கிறதுதான். ஆனால் இறங்குகிற பாதை சேறும் பாறையும். இஷ்டமில்லாத ஆளைத் தூக்கினால் உதறுவார், உதறினால் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடப்பார்கள். பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். இன்னொருவன் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்றான். பார்த்துவிட்டவர்கள் முன்னால் மறைத்தால் அது இன்னும் மோசம், அப்புறம் நம் வாயிலிருந்து வருகிற எதையும் நம்ப மாட்டார்கள். இடிந்து விழப்போகிற மேட்டைப் பற்றி நாங்கள் சொல்வது அவர்களுக்குப் புரியாமல் இல்லை. சொல்கிற ஆள் மேல்தான் நம்பிக்கை இல்லை. ஆகவே மேட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

நேராகப் போய்க் கேட்டேன். “இந்தப் பயலுக அர்த்தம் தெரியாமப் போட்டுக்கிட்டானுக. அதைக் காட்டி நான் தப்பிக்கப் போறதில்ல. நீங்க திரும்ப ஏறுற வரைக்கும் இவனுக ஒருத்தனும் மலையை விட்டு எறங்க மாட்டான். நீங்க நம்புறதுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க ஆத்தா.”

பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண்ணில் ஏதோ ஒரு விஷமம் வந்ததை நான் கவனித்தேன்.

“வரிசையா நில்லுங்க,” என்றார். “மடிய உதறுங்க.”

என் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். பின்னால் மேட்டிலிருந்து கல் ஒன்று உருண்டு விழுந்தது. நான் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்று பேண்ட் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்து உதறினேன். வாயு மாத்திரை விழுந்தது, பாதி தின்ற முறுக்கு விழுந்தது, ஒரு சீப்பும் விழுந்தது. எனக்குத் தலையில் முடி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

அடுத்தது எஸ்.ஐ. அவர் பாக்கெட்டிலிருந்து முகம் வெளுக்கிற கிரீம் விழுந்தது. ஒரு கதவு திறந்தது. ஒவ்வொருவனாக உதற உதறக் கதவுகள் திறந்துகொண்டே வந்தன. ஒரு பிள்ளை ஓடிவந்து கீழே விழுந்த மிட்டாயைப் பொறுக்கியது. யாரோ போனில் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டேன்.

கடைசியில் கதிரவன் நின்றான், பாக்கெட்டைக் கையால் மூடிக்கொண்டு. “உதறுப்பா” என்றார் பேச்சியம்மா. அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் உதறினான். ஒரு பிடி பச்சை ஏலக்காய் சேற்றில் விழுந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சிரிப்பை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. லயமே வெளியே வந்துவிட்டது. முகாம் ஓரத்துச் செடியில் டீக்குப் பறித்தானாம். பேச்சியம்மா ஒரு காயை எடுத்து முகர்ந்துவிட்டு, குரலை ஆம்பளைக் குரலாக மாற்றிக்கொண்டு, “எந்தத் தோட்டத்துக் காயிடா இது? பழுக்காத பிஞ்சையில்ல பறிச்சிருக்க? பிடி இவன் கூலிய” என்று அதட்டினார். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த பேச்சியம்மா சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“சரி, ஆட்ட மொதல்ல பிடிங்க,” என்றார். “கடைசி வீட்டுல ஒரு கெழவரு கெடக்காரு, நடக்க மாட்டாரு. அவரையும் தூக்கிக்கங்க.”

அதன்பிறகு நடந்தது ஊர்வலம். ஆடு, கோழிக் கூடை, டி.வி. பெட்டி, மிக்ஸி, அரிசி மூட்டை, எதையும் விட்டுவர மனசில்லை அவர்களுக்கு. நான் சொல்லாமலேயே பையன்கள் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். கிழவரைக் கதிரவன் முதுகில் சுமந்தான். கடைசி ஆள் பள்ளிக்கூடத்து வாசலைத் தொட்டபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இருட்டும் நேரத்தில் மேடு இறங்கியது. லயத்தின் ஒரு ஓரத்தில் சமையல்கட்டுகள் மண்ணுக்குள் போயின. ஒரு கோழிகூடச் சாகவில்லை.

மழை விட்டதும் தோட்டத்து மேனேஜர் வீடுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு, பார்ப்போம், யோசிப்போம் என்று இழுத்தார். பேச்சியம்மா பயந்தது ஒன்றும் வீண் பயமில்லை. இந்தக் குடும்பங்கள் ஏறாமல் என் பிளாட்டூன் இறங்காது, எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடும் நீங்கள்தான் போட வேண்டியிருக்கும் என்று மிகவும் பணிவாகச் சொன்னேன். முப்பது பேர் சாப்பிடுகிற சாப்பாட்டை நினைத்தாரோ என்னவோ, மேட்டுப் பக்கமில்லாத வேறு லயத்தைத் திறந்துவிட்டார். சாமான்களை மறுபடியும் நாங்களே ஏற்றினோம்.

கமாண்டன்டுக்கு நான் பெயர் எதுவும் அனுப்பவில்லை. அதற்குள் இரண்டாவது வீடியோ ஊரைச் சுற்றி அவர் போனுக்கும் போய்விட்டது. கூப்பிட்டார். நான் நிமிர்ந்து நின்று காத்திருந்தேன். “அந்தச் சீப்பு எதுக்குய்யா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டார். அத்தோடு விஷயம் முடிந்தது. செக்போஸ்டிலும் பெண்கள் இறங்குவதை விட்டுவிட்டார்கள். ஆனால் ஜீப்பு கடக்கும்போது யாராவது ஒருத்தி, “மடி உதறுன பட்டாளம், சாப்பிட்டாச்சா?” என்று கேட்காமல் போவதில்லை. முகாம் முடியும் வரை அதுதான் எங்கள் பெயர். நாங்கள் வைத்துக்கொண்டதைவிட நல்ல பெயர்தான்.

இன்னொன்று இருக்கிறது. அன்று இறங்கும்போது நான் முன்னால் ஆடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும் கதிரவன் ஈரத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்து, பிளேடு வைத்து அந்தப் பேட்ஜைத் தையல் தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். என் உத்தரவுக்கு என்ன மதிப்பு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். நடந்ததை அவன் என்னிடம் சொன்னது எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டுத் திரும்பிய அன்றுதான்.

கிழவரின் முகம் அவன் தோளில்தான் இருந்திருக்கிறது. கண்ணுக்கு நேரே அந்தத் தங்க நூல். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, இந்தப் பேரை யார் தம்பி வச்சது என்று கேட்டாராம். நான்தான் தாத்தா என்றானாம் இவன். அதற்குக் கிழவர் சொன்னாராம்: “வேணாம்யா. நான் இந்தத் தோட்டத்துல கங்காணியா இருந்தவன். சோலிய விட்டு எத்தனையோ வருசமாச்சு. இன்னும் இவங்களுக்கு நான் கங்காணிதான். எம் பேரச் சொல்லிக் கூப்பிட ஒரு சனம் இல்ல.”

உங்க பேரு என்ன தாத்தா என்று கதிரவன் கேட்டிருக்கிறான். சுப்பையா என்றாராம். மீதி வழி முழுக்க இவன் பேச்சை நிறுத்தவில்லையாம். சுப்பையாத் தாத்தா, கிளை வருது, தலையைக் குனிஞ்சுக்கங்க. சுப்பையாத் தாத்தா, வழுக்குது, நல்லாப் பிடிச்சுக்கங்க. சுப்பையாத் தாத்தா, இந்தா, பள்ளிக்கூடம் தெரியுது பாருங்க.